ஜீவதசையில் கொடுப்பது

சம்மாந்துறையில் ஒரு குடும்பத்தின் ஆஸ்தியில் பெரும்பகுதி, அதைத் தேடியவர் கண்மூடுவதற்கு வெகுகாலம் முன்னதாகவே கைமாறிவிடுகிறது. பெண்பிள்ளை பிறந்த வீட்டில், அவள் குர்ஆன் ஓதப் போகும் வயதிலேயே, ஒரு வளவுத்துண்டைப் பற்றிய பேச்சு எழும்பிவிடும். ஒரு பெரும்போக அறுவடை முடிந்ததும் அத்திவாரம், இன்னொரு வருஷத்தில் சுவர், வேறொரு வருஷத்தில் கூரை என்று அந்த வீடு சிறிது சிறிதாக உயரும். அவள் குமராகி, மாப்பிள்ளை பேசி, நிக்காஹ் நிச்சயமாகும்போது, வாப்பாவும் காக்காமாரும் பத்துப் பதினைந்து வருஷமாக வயலிலும் கடையிலும் கடல்கடந்த நாட்டிலும் உழைத்ததெல்லாம் நொத்தாரிசின் முன்னிலையில் அவள் பெயருக்கு உறுதியாக எழுதப்பட்டு, மணமகன் தன் உடுதுணிகளோடு அந்த வீட்டுக்கு வந்து சேர்வார்.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று இந்தக் கிழக்கிலங்கைக் கரையோரம் முழுவதிலும் நெடுங்காலமாக நிலைத்துவரும் சம்பிரதாயம் இது. குடி என்னும் குலத்தைத் தாய்வழியாக எண்ணுவதும், பெண்ணின் வீட்டில் மாப்பிள்ளை குடிபுகுவதும், வீடு பெண்ணின் சொத்தாக இருப்பதும் இங்குள்ள முஸ்லிம்களுக்கும் அயல் ஊர்த் தமிழர்களுக்கும் பொதுவானவை. அக்கரைப்பற்றில் பல காலம் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, 2008இல் வெளியான தம் நூலில் இவ்வழக்கத்தை மிக விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். தகப்பன் வழிப் பங்கீட்டை விதிக்கும் மார்க்கச் சட்டமும், தாய்வழி வீட்டுரிமையைப் போற்றும் ஊர் வழக்கமும் ஒன்றையொன்று முறித்துவிடாமல் இத்தனை தலைமுறையாகச் சேர்ந்து வாழ முடிந்ததற்கு ஒரே காரணம், வீடு வாரிசுச் சொத்தாகப் போகாமல் ஜீவதசையில் கொடுக்கும் நன்கொடையாகப் போனதுதான். ஒரு மனிதர் உயிரோடும் தெளிந்த புத்தியோடும் இருக்கும்போது தம் பொருளைத் தம் பிள்ளைக்குக் கொடுப்பதை மார்க்கம் தடுப்பதில்லை. மரணத்துக்குப் பின்தான் பங்குக் கணக்கு தொடங்குகிறது.

இதுவரை இது வளவும் வயலும் பற்றிய விவகாரமாக இருந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர் பாய்ந்த வயல்களை நம்பி வாழ்ந்த தலைமுறையில், பணம் என்பது நெல் விற்ற கையில் சில மாதம் தங்கிப் பின் மறைவது. இன்று காணி குறுகிவிட்டது. ஒரு வளவை நான்கு பெண்களுக்குப் பிரித்தால் நடந்துபோக வழி மிஞ்சாத நிலை வந்திருக்கிறது. அதே சமயம் கத்தாரிலும் சவூதியிலும் உழைத்தவர்களும், வியாபாரத்தில் நிமிர்ந்தவர்களும், அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் பெரும் ரொக்கத்தைக் கையில் வைத்திருக்கிறார்கள். ஆகவே மகளுக்கு வீட்டுக்குப் பதிலாகப் பணம், மகனுக்குக் கடை தொடங்கவும் வெளிநாடு போகவும் படிக்கவும் பணம், மருமகனுக்குக் கைக்கூலியாகப் பணம் என்று லட்சங்கள் கைமாறுகின்றன. காணி கைமாறினால் உறுதி எழுதியே தீரவேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் நொத்தாரிசையும் இரண்டு சாட்சிகளையும் அங்கே கட்டாயமாக்கியிருக்கிறது. பணமோ ஓர் உறையில் வைத்துச் சலாம் சொல்லிக் கொடுத்தால் போய்விடும். காணிக்கொடையை விடப் பணக்கொடையில் குடும்பங்கள் அதிகம் உடைவதற்கு இந்த எளிமையே மூலகாரணம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

கைக்கூலியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் அதிலேதான் அநீதி மிகப் பெரிது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலிக்கு வரைவிலக்கணம் தரும்போது, விவாகத்துக்கு முன்னரோ விவாக சமயத்திலோ மணமகளின் உறவினரோ பிறரோ மணமகளின் உபயோகத்துக்காக மணமகனிடம் கொடுக்கும், அல்லது கொடுப்பதாக வாக்களிக்கும் பணமும் அசையும் பொருளும் என்றே கூறுகிறது. மணமகளின் உபயோகத்துக்காக என்னும் அந்தச் சொற்களை எத்தனை வாப்பாமார் அறிந்திருக்கிறார்கள்? பணத்தை எண்ணி வாங்கும் கை மாப்பிள்ளையின் கையாக இருக்கலாம். பொருள் அவருடையது ஆகிவிடாது. அவர் அதை மனைவிக்காக வைத்திருப்பவர். மனைவி கேட்டால் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். நடைமுறையில் என்ன நிகழ்கிறதென்றால், அந்தப் பணம் மாப்பிள்ளை வீட்டாரின் பழைய கடனை அடைக்கவோ, அவருடைய தங்கையின் வீட்டுக்குக் கூரை போடவோ, ஒரு வாகனம் வாங்கவோ போய்விடுகிறது. பின்னாளில் குடும்பம் பிரியும்போது அந்தப் பெண் நிரூபிக்க ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் நிற்கிறாள். மணமகனே மணமகளுக்குக் கொடுக்க வேண்டிய மஹர் சிறு தொகையாகக் குறுகிவிட, மார்க்கம் கேளாத கைக்கூலி பல மடங்கு பெருகியிருப்பதை நினைத்தால் மனம் வருந்துகிறது. கொடுக்கத்தான் வேண்டுமென்று ஒரு தகப்பன் முடிவு செய்தால், மகளின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் அதை இடட்டும். மாப்பிள்ளை கையில் கொடுத்தே ஆகவேண்டிய நிர்ப்பந்தம் இருந்தால், இன்ன தொகை இன்ன திகதியில் கைக்கூலியாகப் பெற்றேன் என்று அவரே கையொப்பமிட்டுத் தரட்டும். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள், காணி உறுதியை மட்டும் மாப்பிள்ளை வீட்டார் எவ்வளவு கவனமாக வாசித்துப் பார்க்கிறார்கள் என்பதைச் சிறிது யோசிக்க வேண்டும்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கொடையைப் பற்றி நம் சட்டம் என்ன சொல்கிறது? பிரித்தானியர் 1806இல் தொகுத்து, 1852இல் தீவு முழுமைக்கும் விரித்த முகம்மதியர் சட்டக்கோவையின் இடத்தில், 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் வந்தது. உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்து அவர் சார்ந்த மத்ஹப் என்னும் சட்டநெறியின்படி பிரிய வேண்டும் என்று விதித்த அதே சட்டம், சீவிய உருத்து (ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை) முதலிய நிபந்தனைகள் கலவாத நன்கொடைகளும் அந்த மத்ஹபின் சட்டத்துக்கே உட்படும் என்றது. நம்மில் மிகப் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். அந்தச் சட்டத்தில் ஹிபா என்னும் நன்கொடை பூரணமாவதற்கு மூன்று காரியங்கள் நிகழ வேண்டும்: கொடுப்பவர் தருகிறேன் என்று தெளிவாகச் சொல்லவேண்டும், பெறுபவர் ஏற்கவேண்டும், பொருள் பெறுபவரின் ஸ்வாதீனத்துக்குப் போய்ச் சேரவேண்டும். முதல் இரண்டும் நம் வீடுகளில் எளிதில் நடந்துவிடுகின்றன; மூன்றாவதிலேதான் கால்கள் தடுக்குகின்றன.

அபூபக்ர் (ரலி) அவர்களைப் பற்றி இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் வரும் ஒரு சம்பவம் இந்த மூன்றாவது நிபந்தனையை எவராலும் மறக்க முடியாதபடி விளக்குகிறது. அவர்கள் தம் மகள் ஆயிஷா (ரலி) அவர்களுக்கு, மதீனாவுக்கு அருகில் அல்காபா என்னும் இடத்திலிருந்த தோட்டத்து விளைச்சலிலிருந்து இருபது வஸக் அளவு பேரீச்சம்பழத்தைக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மகள் அதை அறுத்துத் தம் வசம் எடுத்துக்கொள்வதற்கு முன்னரே தகப்பனார் மரணப் படுக்கையில் விழுந்தார்கள். அப்போது அவர்கள் மகளை அழைத்து, உன்னைவிட வசதியாக வாழவேண்டுமென்று நான் விரும்பும் ஒருவரும் இல்லை, ஆயினும் நீ அதை உன் கையில் எடுத்திருந்தால் அது உன்னுடையதாகியிருக்கும், இன்றோ அது வாரிசுகள் எல்லோருடையதும் ஆகிவிட்டது, உன் சகோதர சகோதரிகளோடு வேதத்தின்படி பங்கிட்டுக்கொள் என்ற கருத்துப்படக் கூறினார்கள். முதல் கலீபா, தாம் நேசித்த மகளுக்கு, தாமே வாக்களித்த பொருளில் காட்டிய நெறி இது. மகள் பெயரில் கணக்கைத் திறந்து, புத்தகத்தையும் அட்டையையும் தம் அலுமாரியில் பூட்டி வைத்து, வேண்டியபோது தாமே எடுத்துச் செலவழித்து வருகிற வாப்பா, தாம் கொடுத்துவிட்டதாக எண்ணிக்கொண்டிருக்கிறார். பராயமடைந்த மகளைப் பொறுத்தவரை அவர் இன்னும் கொடுக்கவில்லை. பராயமடையாத பிள்ளைக்காகத் தகப்பன் தாமே பொறுப்பாளராக ஏற்று வைத்திருக்கலாம். அதற்கும் அந்த நோக்கம் உண்மையாக இருக்கவேண்டும்.

காலம் கடத்துவதில் இன்னொரு பெரிய ஆபத்தும் உண்டு. மரணத்தில் முடியும் நோயில் விழுந்தபின் ஒருவர் கொடுக்கும் கொடையை மார்க்கச் சட்டம் மரணசாசனத்தைப் போலவே நோக்குகிறது. அதாவது மொத்த ஆஸ்தியில் மூன்றில் ஒன்றைத் தாண்டக்கூடாது, அதுவும் வாரிசான ஒரு பிள்ளைக்கு என்றால் மற்ற வாரிசுகள் இணங்கினால்தான் செல்லும். வைத்தியசாலைக் கட்டிலில் வைத்துக் கைரேகை வாங்கிய கடதாசிகள் பின்னாளில் பெரும் வழக்காக வெடிப்பதற்கு அதுவே காரணம். இந்தச் சட்டத்தின் உள்ளிருக்கும் நியாயம் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆரோக்கியத்தில் கொடுப்பவனுக்குத் தன் கையில் குறையும் வருத்தம் உண்டு. அந்த வருத்தத்தைத் தாங்கிக் கொடுப்பதாலேயே அது கொடையாகிறது. சாகப்போகிறவன் கொடுப்பதோ உண்மையில் வாரிசுகளின் பொருளை.

நம் ஊர்களில் மிகக் கூர்மையாக எழும்பும் கேள்வி பிள்ளைகளுக்கிடையிலான நீதி. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் வரலாறு புகாரி, முஸ்லிம் இரண்டு கிரந்தங்களிலும் வருகிறது. அவருடைய தகப்பனார் அவருக்கு மட்டும் ஒரு கொடை கொடுத்தபோது, தாயார் அம்ரா பின்த் ரவாஹா, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்காமல் தாம் திருப்தியடைய மாட்டேன் என்றார். தகப்பனார் போய்க் கேட்டபோது, உம் பிள்ளைகள் எல்லோருக்கும் இதுபோலக் கொடுத்தீரா என்று நபியவர்கள் வினவினார்கள். இல்லையென்ற பதிலைக் கேட்டுச் சாட்சி சொல்ல மறுத்தார்கள். தகப்பனார் கொடையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இச்சம்பவத்திலிருந்து, பிள்ளைகளிடையே சமமாகக் கொடுப்பது கடமை என்று ஹன்பலி அறிஞர்களும், அது வலியுறுத்தப்பட்ட நல்வழி, மாறு செய்வது வெறுக்கத்தக்கது என்று ஷாபிஈ அறிஞர்களும் முடிவு செய்தார்கள். சமம் என்பதற்கு, ஜீவதசைக் கொடையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு என்பதே ஷாபிஈ மத்ஹபின் நிலை. வாரிசுப் பங்கின் இரண்டுக்கு ஒன்று என்னும் விகிதத்தை இதற்கும் பொருத்தியவர் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல்.

இதை வைத்துப் பார்த்தால், மகள்மாருக்கு வீடும் மகனுக்கு ஒன்றுமில்லை என்னும் நம் வழக்கம் எப்படி நிற்கிறது? நம் மகன் இன்னொரு வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போய் அங்கே வீட்டைப் பெறுகிறான், ஆகவே ஊர் முழுவதையும் ஒரே குடும்பமாக எண்ணினால் கணக்குச் சரி என்று முதியவர்கள் சமாதானம் சொல்வார்கள். அந்தச் சமாதானத்தில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. அவன் பெறுவது குடியிருக்கும் வசதி மட்டுமே. உரிமை அவன் மனைவிக்கு. மேலும், அவன் இருபது வயதிலிருந்து பாலைவன நாட்டில் உழைத்து அனுப்பிய பணத்தில் இரண்டு தங்கைமாரின் வீடுகள் எழும்பியிருக்க, தன் சொந்தத் திருமணத்துக்கும் தொழிலுக்கும் கையில் ஒன்றுமில்லாமல் முப்பத்தைந்து வயதில் திரும்பி வருகிற காக்காவை இந்த ஊர்களில் எந்தத் தெருவிலும் காணலாம். அவன் அனுப்பியது கொடையா, கடனா, வாப்பாவிடம் கொடுத்து வைத்த அமானிதமா? அனுப்பும்போது யாரும் கேட்பதில்லை. வாப்பா மௌத்தானபின் எல்லோரும் கேட்கிறார்கள். அவன் கொடையென்றே அனுப்பியிருந்தால் அது மகத்தான ஸதகா, அதற்குக் கூலி அல்லாஹ்விடம் உண்டு. கடனென்று அனுப்பியிருந்தால், கடனுக்குத் தவணை குறித்து எழுதிச் சாட்சி வைக்கும்படி சூரா அல்பகராவில் குர்ஆனின் மிக நீண்ட வசனம் கட்டளையிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில், பெயர் வைக்கப்படாமல் கிடக்கும் பணமே கூடப்பிறந்தவர்களைப் பெருநாளில்கூட ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காதபடி ஆக்கிவிடுகிறது.

இங்கே ஓர் உண்மையைச் சற்று அழுத்திச் சொல்லவேண்டும். ஜீவதசையில் கொடுத்ததை வாரிசுப் பங்கீட்டின்போது கழிப்பது மார்க்கச் சட்டத்தில் இல்லை. யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையின் பழைய விதியில், சீதனம் பெற்ற மகள் பெற்றோரின் சொத்தில் மேற்கொண்டு உரிமை கோர முடியாதிருந்தது. நம்மிடமோ வீடும் ரொக்கமும் பெற்ற மகளும் மிஞ்சியதில் தன் பங்குக்கு முழு உரிமையோடு வருகிறாள். மிஞ்சியதில் மகனுக்கு இரண்டு பங்கு என்று வேதம் சொல்வதும் உண்மைதான். ஆனால் மிஞ்சியது ஒரு பழைய சைக்கிளும் இரண்டு கட்டிலுமானால் இரண்டு பங்குக்கு என்ன அர்த்தம்? ஆகையால் நீதி என்பது கொடுக்கும் வேளையிலேயே செய்யப்படவேண்டியது. பின்னால் வந்து திருத்தித்தரும் கணக்கு எதுவும் இல்லை. மகளுக்கு வீடு எழுதும் தகப்பன், அந்த வருஷமே முடியாவிட்டாலும் தம் ஆயுளுக்குள், மகனுக்கும் ஏறக்குறைய அதற்கு ஈடான தொகையையோ வயலையோ கொடுத்து முடிக்கவேண்டும், அல்லது மகன் மனமுவந்து விட்டுக்கொடுத்தான் என்பதை அவன் வாயாலேயே எல்லோரும் கேட்கும்படி செய்யவேண்டும்.

பெண்பிள்ளைகள் மட்டுமே உள்ள குடும்பங்களின் நிலை வேறு. மனைவியும் இரண்டு மகள்மாரும் ஒரு தம்பியும் இருக்க ஒருவர் 24 லட்சம் ரூபாய் விட்டுச் சென்றால், மனைவிக்கு எட்டில் ஒன்றாக 3 லட்சம், மகள்மாருக்கு மூன்றில் இரண்டாக 16 லட்சம், மிஞ்சும் 5 லட்சம் தம்பிக்கு. தகப்பனை இழந்த பெண்களுக்குத் துணை நிற்கும் பொறுப்போடு சிறிய வாப்பாவுக்கு வரும் பங்கு அது. அந்தப் பொறுப்பை அவர் வகிப்பார் என்ற நம்பிக்கை இல்லாதபோது, மகள்மாரின் பாதுகாப்புக்காக ஆரோக்கியமான காலத்தில் கொடுத்துவிடுவதை ஹராம் என்று சொல்வதற்கில்லை. தம்பிக்கு ஒன்றும் கிடைக்கக்கூடாது என்ற ஒரே எண்ணத்தால் கொடுப்பதோ வேறு காரியம். வெளிப்பார்வைக்கு இரண்டு கொடையும் ஒன்றுபோலவே இருக்கும். நிய்யத்தை அறிபவன் அல்லாஹ் ஒருவனே.

கொடுத்தவரின் முதுமையைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. மூத்த மகளுக்குக் குடியிருந்த வீட்டையே எழுதிவிட்டு, இளையவளுக்காகப் பின்வளவில் ஒரு சிறு வீடு கட்டி, அதையும் அவளுக்கு எழுதிவிட்டு, கடைசியில் ஒரு சாய்ப்பில் ஒதுங்கி வாழும் உம்மாவும் வாப்பாவும் இந்தக் கரையோரத்தில் அரிதானவர்கள் அல்லர். காணி உறுதியில் சீவிய உருத்தை வைத்துக்கொள்ளலாம். அப்படி எழுதினால் அந்த உறுதி உரோம டச்சுச் சட்டத்துக்கு உட்படும் என்பதை நொத்தாரிசிடம் கேட்டுத் தெளியவேண்டும். 1931ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே எழுதப்பட்டாலன்றி ஒரு நன்கொடை உறுதி மீளப்பெறத்தக்கதாகவே கருதப்படும். உறுதியைப் பெறுபவரின் கையில் ஒப்படைத்தலே ஸ்வாதீனம் கொடுத்ததற்குச் சான்றாகும். ஷாபிஈ சட்டத்திலும் பிள்ளைக்குக் கொடுத்ததைத் தகப்பன் திரும்பப் பெறலாம். பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு ஒன்றும் பயன்படாது. மகன் அதைக் கடையில் போட்டு நட்டப்பட்டபின், அல்லது மகள் அதைத் தளபாடமாக்கியபின், திரும்பப் பெற எது இருக்கிறது? ஆகவே பணத்தைப் பொறுத்தவரை, தமக்கும் தம் மனைவிக்கும் மருந்துக்கும் உணவுக்கும், நாடினால் ஹஜ்ஜுக்கும் வேண்டியதை முதலில் ஒதுக்கியபின்தான் கொடையைப் பற்றிச் சிந்திக்கவேண்டும். முழு ஆஸ்தியையும் தர்மம் செய்ய விரும்பிய ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களை மூன்றில் ஒன்றோடு நிறுத்தி, அதுவே அதிகம் என்று நபியவர்கள் சொன்னார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடாதீர் என்பது அங்கே காரணம். கொடுத்தவரே தம் பிள்ளைகளிடம் கையேந்தும் நிலைக்கு அந்தக் காரணம் எவ்வளவு அதிகமாகப் பொருந்தும்!

வரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 1950களின் பிற்பகுதியில் நிக்கலஸ் கால்டர் என்னும் பொருளியலறிஞரின் ஆலோசனைப்படி இந்தியாவும் இலங்கையும் கொடைவரி விதித்தன. இந்தியாவின் 1958ஆம் ஆண்டுக் கொடைவரி 1998இல் நீங்கியது, இலங்கையிலும் அவ்வரி நிலைக்கவில்லை. 2023இல் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த ஏற்பாட்டில் கொடைக்கும் வாரிசுச் சொத்துக்கும் மீண்டும் வரி என்ற பேச்சு வந்ததால், பெருந்தொகை கொடுப்பவர்கள் அந்தந்த வருஷத்துச் சட்டத்தைக் கணக்காளரிடம் கேட்டறிவது நல்லது. இங்கிலாந்தில் குடியேறிய நம்மவர்கள் அந்நாட்டுச் சட்டத்தையும் நினைவில் வைக்கவேண்டும்: அங்கே வருஷத்துக்கு 3,000 பவுண் வரை கொடுப்பது கணக்கில் சேராது, அதற்கு மேற்பட்ட பெருங்கொடை கொடுத்தவர் ஏழு வருஷத்துக்குள் இறந்தால், அக்கொடை அவர் விட்டுச்சென்ற சொத்தோடு சேர்த்து எண்ணப்படலாம்.

ஒரு குடும்பம் செய்யவேண்டியது அதிகமில்லை. பணம் கொடுக்கும் நாளில் எல்லாப் பிள்ளைகளையும், வெளிநாட்டில் இருப்பவரைத் தொலைபேசியிலாவது, கூட்டி வைத்து, இன்ன தொகையை இன்ன பிள்ளைக்கு நன்கொடையாகக் கொடுக்கிறேன், இது கடனல்ல, மற்றவர்களுக்கு இன்னின்னது கொடுத்திருக்கிறேன் அல்லது கொடுக்க எண்ணியிருக்கிறேன் என்று வாப்பா தம் வாயால் சொல்லட்டும். பணம் வங்கி மூலமாகப் போகட்டும். அதே வாக்கியங்களை ஒரு பக்கத்தில் எழுதி, கொடுப்பவரும் பெறுபவரும், வாரிசல்லாத இரண்டு சாட்சிகளும், முடிந்தால் பள்ளிவாசலில் குடிகளின் பிரதிநிதிகளான மரைக்காரில் ஒருவரும், கையொப்பமிடட்டும். பிரதிகளை எல்லாப் பிள்ளைகளும் வைத்திருக்கட்டும். உம்மாவிடமும் ஒன்று இருக்கட்டும், ஏனெனில் வாப்பாவுக்குப் பின் அந்தக் கேள்விகள் எல்லாம் முதலில் அவரிடம்தான் வரும்.